கேலக்ஸி குவெஸ்ட்: சிகோர்னி வீவருக்காகவே பார்க்க வேண்டிய பகடி

டீன் பாரிசோட் இயக்கத்தில் 1999 டிசம்பரில் வெளியான 'கேலக்ஸி குவெஸ்ட்', பழைய விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களைக் கேலி செய்யும் 102 நிமிடப் படம். டிம் ஆலன்தான் கதாநாயகன் என்றாலும், அந்தப் பகடியின் கூர்மை முழுவதும் சிகோர்னி வீவர் ஏற்ற க்வென் டிமார்கோ பாத்திரத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தொடர் நின்றுபோய்ப் பல ஆண்டுகளாகியும், ரசிகர் மாநாடுகளில் சீருடை அணிந்து கையெழுத்திட்டுக் காலம் தள்ளும் நடிகர்களைத் தெர்மியர்கள் என்ற வேற்றுக்கோள்வாசிகள் தேடி வருகிறார்கள். நடிப்பு என்ற ஒன்றையே அறியாத அவர்கள், தொடரின் அத்தியாயங்களை வரலாற்று ஆவணங்களாக நம்பி, அதில் வந்த விண்கலத்தை அச்சு அசலாகக் கட்டியும் வைத்திருக்கிறார்கள். இப்போது அந்த நடிகர்கள் சாரிஸ் என்ற கொடியவனோடு உண்மையாகவே போரிட்டாக வேண்டும்.

1979இல் 'ஏலியன்' படத்தில் ரிப்ளியாக வந்து, விண்வெளிக் கதைகளில் வீராங்கனை எப்படி இருக்கலாம் என்பதையே மாற்றி எழுதியவர் வீவர். அதே பாத்திரத்துக்காக 1986இல் வந்த அடுத்த பாகத்தில் ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். அப்படிப்பட்டவர் இங்கே பொன்னிற விக் அணிந்து, ரிப்ளிக்கு முந்தைய தலைமுறைத் தொடர்கள் பெண்ணுக்கு ஒதுக்கிய அலங்காரப் பதவியில் வந்து உட்காருகிறார். கணினி சொல்வதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது மட்டுமே அந்தப் பதவிக்குரிய வேலை. கலத்துக்கு ஆற்றல் தரும் பெரிலியம் கோளம் பழுதாகிறது; அதைச் சரிசெய்ய முடியுமா என்று கலத்தின் தலைவராக வரும் டிம் ஆலன் கேட்கிறார். அவள் அதையே கணினியிடம் கேட்கிறாள். முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்று கணினி சொன்னதை எல்லோரும் கேட்ட பின்பும், அவள் அதை மறுபடி அறிவிக்கிறாள். சக நடிகர் எரிச்சல்பட்டதும், இந்தக் கலத்தில் தனக்கென்று இருப்பது இந்த ஒரு வேலைதான், முட்டாள்தனமானதாக இருந்தாலும் அதைச் செய்தே தீருவேன் என்று வெடிக்கிறாள். அந்தக் கோபத்தை வீவர் சிறிதும் மிகைப்படுத்தாமல் நடித்திருப்பதால், சிரிக்கும்போதே அவள் பக்கத்து நியாயமும் உறைக்கிறது. தன்னைப் பேட்டி கண்ட பத்திரிகை தன் உடலைப் பற்றியே பத்தி பத்தியாக எழுதியது என்று அவள் முன்பே குமுறியிருப்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதன் உச்சம், கலத்தின் அடிவயிற்றில் ராட்சத இரும்புத் தூண்கள் மாறி மாறி மோதி நசுக்கும் பாதை. தொடரில் பரபரப்புக்காக வைக்கப்பட்ட அந்தப் பாதையைத் தெர்மியர்கள் அப்படியே கட்டிவிட்டார்கள். ஒரு கப்பலில் இதற்கு என்ன வேலை என்று க்வென் கேட்கும் கேள்வி, காரணமில்லாத ஆபத்துகளால் கதையை ஓட்டிய எல்லாத் தொடர்களையும் நோக்கிய கேள்வி. அந்த அத்தியாயத்தை எழுதியவனைத் திட்டிக்கொண்டேதான் அவள் தலைவரோடு அதைக் கடக்கிறாள். (இந்த இடத்தில் வீவருடைய உதட்டசைவும் ஒலியும் பொருந்தவில்லை, படத்தில் கேட்பது கடுமை குறைக்கப்பட்ட சொல்.) அதற்குப் பிறகு கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்வதற்கான தலைகீழ் எண்ணிக்கை சரியாக ஒரு நொடி மிச்சமிருக்கையில் நிற்பதும் அதே கேலியின் தொடர்ச்சி.

எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் அவளுடைய சீருடை பற்றியது. உடலை மட்டும் பார்க்கும் பார்வையைக் கேலி செய்த படமே, பின்பாதியில் அந்த உடையைக் கிழித்துக்கொண்டே போவது தன் வாதத்தைத் தானே பலவீனப்படுத்துகிறது. மற்றபடி, வெறுத்துப்போன நாடக நடிகராக வரும் ஆலன் ரிக்மன், தான் அருவருத்த பழைய வசனத்தை இறக்கும் தெர்மிய இளைஞனிடம் மனமாரச் சொல்லும் காட்சி அருமையானது. விசித்திர உயிரினங்களைத் திரைக்கு வடிவமைப்பதில் பேர்பெற்ற ஸ்டான் வின்ஸ்டன் குழு உருவாக்கிய சாரிஸின் தோற்றமும் இன்றுவரை பழசாகவில்லை.

தமிழில் பழக்கமில்லாத தொடர்களைப் பகடி செய்கிறதே, புரியுமா என்று தயங்க வேண்டியதில்லை; கேலிக்குரிய மரபை முதல் காட்சியிலேயே படம் காட்டிவிடுகிறது. ஆனால் 'ஏலியன்' பார்க்காதவர்கள் அதை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வருவது நல்லது.