யோசேப்பின் களஞ்சியமா, மன்னாவா?

கஷ்டகாலத்துக்கு மனதைத் தயார் செய்ய எபிரெய வேதத்தில் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஆதியாகமம் 41-இல் எகிப்தின் அதிகாரியான யோசேப்பு, வரப்போகும் பஞ்சத்துக்காகச் செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கிறார். அப்படிப் பார்த்தால் வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களை நல்ல நாளிலேயே மனப்பாடம் செய்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து புரட்டினால் எழுத்து கண்ணில் நிற்காது.

யாத்திராகமம் 16 இதற்கு நேர் எதிர். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னா, தலைக்கு ஒரு ஓமர் (ஒரு பழைய அளவு), அன்றன்றைக்கு மட்டும். மறுநாளுக்கு வைத்தால் புழுத்து நாறும். வெயில் ஏறினால் உருகியும் போகும், அதனால் விடியற்காலையிலேயே போய்ப் பொறுக்க வேண்டும். நேற்றைய ஜெபம் நேற்றோடு சரி.

பதற்றக்காரனான எனக்கு யோசேப்பு வழிதான் ஒத்துவருகிறது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு ஓமர் பொறுக்கினார்கள். மறுநாளான ஓய்வுநாளுக்கு வைத்த அந்தப் பங்கு மட்டும் கெடவில்லை.