பவளத் துண்டை எங்கே வைப்பது: ரேக்கா, மணலா, பாறையா?

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கப் புதிதாக ஒரு உயிருள்ள பவளத் துண்டு கைக்கு வந்ததும், அதைப் பாறை உச்சியில் விளக்குக்கு நேர் கீழே வைத்துப் பார்க்கத்தான் மனசு துடிக்கும். என் முதல் துண்டுக்கு நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு தலை உள்ள ஹேமர் பவளம் அது. முதல் நாள் நன்றாக விரிந்தது. பத்தாம் நாள் பச்சை மங்கி, சதை உள்ளே இழுத்துக்கொண்டு, எலும்புக்கூட்டின் வெள்ளை விளிம்பு தெரிய ஆரம்பித்தது. ஒளி அளவுக்கு மிஞ்சினால், சதைக்குள் குடியிருந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசியைப் பவளமே வெளியே தள்ளிவிடும். வெளிறுவது என்பது அதுதான். உடனே கீழே இறக்கினேன். ஒரு தலைதான் பிழைத்தது.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் மூன்று வாரம் ரேக், அப்புறம்தான் பாறை. மணல் என்பது மணலில் வாழும் இனங்களுக்கு மட்டும்.

கண்ணாடியில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ரேக் பார்க்க அழகில்லை என்பது உண்மை. சில மாதம் விட்டால் பாசி பிடிக்கும், கீழே இருப்பவற்றின் மேல் நிழல் விழும். ஆனால் அது தரும் வசதி வேறு எதிலும் கிடையாது. தொட்டியின் பாதி உயரத்துக்குக் கீழே தொடங்கி, வாரத்துக்கு இரண்டு விரற்கடை மேலே ஏற்றலாம். நிறம் மங்கினால் ஒரு நொடியில் இறக்கிவிடலாம். இன்னொன்று, பூச்சி மருந்துக் கரைசலில் முக்கி எடுத்தால் தட்டைப்புழுவும் கடல் நத்தையும்தான் சாகும், அவற்றின் முட்டை சாகாது. ஒரு வாரம் கழித்து மறுபடி முக்கியாக வேண்டும். பாறையில் ஒட்டிய துண்டை எப்படி எடுத்து முக்குவது? ரேக்கில் இருந்தால் கையோடு எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடலாம்.

மணலில் வைப்பது எளிது. ஒளி குறைவு, வெளிறும் பயம் இல்லை. ட்ராக்கிஃபிலியா, ஃபங்கியா போன்ற பவளங்கள் கடலிலேயே தரையில் கிடப்பவை. அவற்றுக்கு அதுதான் வீடு. மற்றவற்றுக்கு அங்கே ஆபத்து அதிகம். ஒரு டர்போ நத்தை இரவில் நகர்ந்தால் போதும், காலையில் துண்டு குப்புறக் கிடக்கும். மணலில் புதைந்த சதை சீக்கிரம் அழுகிவிடும். அக்ரோபோரா என்ற கல் பவளத்தை நெடுநாள் கீழேயே வைத்தால் நிறம் போய் வெறும் பழுப்பாகும்.

பாறைதான் நிரந்தர இடம். ஒளியைப் பொறுத்தவரை, காளான் பவளம், ஜோவாந்திட், ஹேமர் போன்றவற்றுக்கு, ஒளியை அளக்கும் பார் மீட்டர் 50 முதல் 150 வரை காட்டும் இடம் போதும். அக்ரோபோரா போன்ற கல் பவளங்களுக்கு 200-க்கு மேல் வேண்டும். நீரோட்டமும் அப்படித்தான்: சதை ஒரே பக்கமாகச் சாய்ந்து படபடத்தால் அந்த இடம் ஆகாது, மெல்ல அசைந்தாட வேண்டும். ஆனால் சின்ன தொட்டியில் இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் அக்கம்பக்கம். பகலில் அடக்கமாகத் தெரியும் கேலக்ஸியா பவளம், இரவில் ஒரு சாணுக்கும் நீளமான கொட்டும் இழைகளை நீட்டி, தொட்டதையெல்லாம் எரித்துவிடும். 40 லிட்டர் தொட்டியில் அதை வைக்க எனக்கு மனம் வராது. ஹேமரும் ஃபிராக்ஸ்பான் பவளமும் பெரும்பாலும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும். டார்ச் பவளத்தை மட்டும் தள்ளி வையுங்கள். பச்சை நட்சத்திரப் பாலிப்பை முதன்மைப் பாறையில் ஒட்டவே வேண்டாம். கம்பளம் மாதிரி படர்ந்து மற்றவற்றை மூடிவிடும். தனிக் கல்லில், சுற்றிலும் மணல் இருக்கும்படி வைத்தால் கட்டுக்குள் இருக்கும்.

ஒட்டுவதற்கு சூப்பர் குளூ ஜெல்லா, எபாக்ஸி களிமண்ணா? சின்ன துண்டுக்கு ஜெல்தான். தண்ணீர் பட்டதும் இறுகிவிடும், உயிர்களுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் தண்ணீருக்குள் மேலே ஒரு தோல் கட்டிக்கொள்வதால், லேசாகத் திருகி அழுத்தினால்தான் பாறையைப் பிடிக்கும். எபாக்ஸிக்குப் பிடிமானம் குறைவு, பள்ளத்தை நிரப்புவதில்தான் அதன் பலம். கனமான துண்டு என்றால் ஜெல், நடுவில் எபாக்ஸி, மறுபடி ஜெல் என்று மூன்று அடுக்காக வைக்கிறேன். எபாக்ஸியை ஒரே நாளில் நிறையப் போட்டால், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரத நுரைநீக்கி பொங்கி வழியும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

துண்டு ஒட்டி வரும் ப்ளக்கை, அதாவது குச்சி வைத்த சிறு அடிக்கட்டையை, வைத்திருப்பதா, கழற்றுவதா? முடிந்தவரை கழற்றிவிடுவேன். பூச்சி முட்டையும், அய்ப்டேசியா என்ற கொட்டும் கடல் அனிமோனும் ஒளிந்து வருவது அந்தக் குச்சியின் இடுக்கில்தான். ஜோவாந்திட் மட்டும் விதிவிலக்கு. அதைச் சுரண்டி எடுக்கும்போது பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு வெளிப்படலாம். தொட வேண்டி வந்தால் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். அது இருக்கும் கல்லைக் கொதிநீரில் போடவே கூடாது. ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

எங்கே வைத்தாலும் தண்ணீர் நிலையாக இருக்க வேண்டும். 40 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து கிட்டத்தட்ட 36-க்கு ஏறிவிடும். 400 லிட்டரில் அது கணக்கிலேயே வராது. அதனால் தினமும் ஒரே நேரத்தில், உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள். காரத்தன்மை dKH அளவில் 8-ல் இருந்தாலும் 9-ல் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டுக்கும் நடுவே ஊசலாடக் கூடாது.

பாறையில் ஒட்டிய பிறகு தினமும் பார்க்க வேண்டியது நுனியை அல்ல, அடியைத்தான். கல் பவளமாக இருந்தால் சில வாரத்தில் காய்ந்த பசையின் மேல் மெல்லிய வெளிர் விளிம்பாகச் சதை படர ஆரம்பிக்கும். அது பசையைத் தாண்டிப் பாறையைத் தொட்டதும், பக்கத்தில் அடுத்த துண்டுக்கு இடம் தேடலாம்.