நாய்க்கு ஐஸ்: தயிரா, கோழிச் சாறா, தர்பூசணியா?

கத்திரி வெயில் வந்துவிட்டால் நாய்க்கும் ஏதாவது குளுகுளுவென்று கொடுக்கத் தோன்றும். நாய்க்கென்றே தனி ஐஸ்கிரீம் கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் செய்தால் செலவும் குறைவு, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். எதை உறைய வைப்பது என்பதில்தான் குழப்பம். யூடியூபில் பார்த்தால் பாதிப் பேர் வேர்க்கடலை வெண்ணெயையும் வாழைப்பழத்தையும் அரைத்துக்கொண்டிருப்பார்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பதோ தயிரும் தர்பூசணியும், ஞாயிற்றுக்கிழமையானால் கோழியும்.

முதலில் தயிர். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. உறை ஊற்றித் தயிரானபின் அது ஓரளவு குறைந்துவிடுவதால், பால் ஐஸைவிடத் தயிர் ஐஸ் வயிற்றுக்குப் பரவாயில்லை. இருந்தாலும் முதல் நாள் ஒரு ஸ்பூனோடு நிறுத்தி, மறுநாள் வயிற்றுப்போக்கு இல்லை என்று பார்த்தபிறகு கூட்டிக்கொள்ளலாம். கெட்டித் தயிர் உறைந்தால் பொரபொரவென்று உதிரும், வாயில் போட்டதும் கரையும். பல் தேய்ந்த கிழட்டு நாய்க்கு இதைவிட நல்லது கிடையாது. லேப்ரடாருக்குக் கொடுத்தால் அரை நிமிடத்தில் காலி செய்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். பழச்சுவை சேர்த்த கப் தயிர் வேண்டாம். ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கும்போதும் இதைப் பார்க்க வேண்டும்.

வேர்க்கடலை வெண்ணெய்மேல் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, அதாவது 60. ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயிலேயே 90-க்கு மேல் வந்துவிடும். அதே இடத்தில் 100 கிராம் தர்பூசணி 30 கலோரிதான். வெயில் காலத்தில் நடையும் குறைந்து வீட்டிலேயே படுத்துக்கிடக்கும் நாய்க்கு எது தேவை என்று நீங்களே பாருங்கள்.

தர்பூசணியில் வேலையும் குறைவு. விதையையும் தோலையும் நீக்கி, துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்தால் முடிந்தது. ஆனால் நாய் தரையில் வைத்து நக்கும்போது வழியும் சாற்றைத் தேடி எறும்பு வரிசை கட்டும். மொட்டைமாடியிலோ குளியலறையிலோ கொடுப்பது உத்தமம். இளநீரும் நல்லதுதான், சிறுநீரகக் கோளாறு இருக்கும் நாயைத் தவிர. அதில் பொட்டாசியம் அதிகம். திராட்சையும் உலர்திராட்சையும் எந்த நாய்க்கும் கூடாது.

இத்தனையிலும் என் ஓட்டு கோழிச் சாறுக்குத்தான். வெயிலில் சோறே வேண்டாம் என்று தட்டைத் திரும்பிப் பார்க்காத நாய்கூட இதன் வாசனைக்கு எழுந்து வரும். நக்கி நக்கித் தின்பதால் தண்ணீரும் உள்ளே போகும். கறிக்கடையில் கழுத்தும் காலும் கேட்டு வாங்கி, வெறும் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். நமக்கு வைத்த சூப்பில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றினால் ஆகாதா என்றால், ஆகாது. அதில் போடும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெந்ததும் வடிகட்டி, எலும்பை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். வெந்த எலும்பு சிம்புசிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சாற்றை ஓரிரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே வெள்ளையாகக் கொழுப்பு ஆடை கட்டும். அதை வழித்துப் போட்டுவிட்டு, அடியில் இருப்பதை மட்டும் உறைய வையுங்கள். கொழுப்பு மிகுந்தால் கணைய அழற்சி வர வாய்ப்புண்டு.

இதில் தொல்லை ஒன்றுதான்: சாறு கல்லாக இறுகிவிடும். அப்படியே கடித்தால் பல் விரியும். ஆகவே வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டு, நகத்தால் கீறினால் தடம் விழும் பதத்தில் கொடுக்க வேண்டும். எவர்சில்வர் கிண்ணத்தில் உறைய வைத்தால் கிண்ணத்தோடு நீட்டாதீர்கள், ஈர நாக்கு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் முக்கித் தட்டில் கவிழ்த்துவிடுங்கள். அவசரமாக விழுங்கும் பெரிய நாய்க்கு வாயில் நுழையாத பெரிய கட்டி, சின்ன நாய்க்குத் துருவல். குச்சி ஐஸ் மாதிரி குச்சி செருகும் ஆசை இருந்தால் கேரட்டைச் செருகுங்கள். அப்புறம், நீண்ட நேரம் கரண்ட் போய் உருகிக் கிடந்த சாறு, மறுபடி உறைந்திருந்தாலும் கீழே கொட்டவேண்டியதுதான்.

எந்த ஐஸும் வெயில் தாக்கத்துக்கு மருந்தில்லை. நாய் விடாமல் இரைத்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, கால் தள்ளாடினால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இது சீக்கிரம் வரும். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறியைப் போட்டுவிட்டு உடனே மருத்துவருக்கு வண்டி பிடியுங்கள். தண்ணீரைக் குடத்திலிருந்து எடுங்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் சுடும்.