பெட்டியா, பையா: திருச்செந்தூர்க் கடற்கரைக்கு மூட்டை கட்டும் முன்

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று மூன்று நாள் கடலோரமாகச் சுற்றிவரக் கிளம்பும் எங்கள் ஐந்து பேர் குடும்பத்தில், முதல் நாள் இரவே எழும் வழக்கு, சக்கரம் வைத்த ஒரே பெரிய பெட்டியா, ஆளுக்கொரு தோள்பையா என்பதுதான். பெட்டியின் பக்கமும் நியாயம் உண்டு. மடிப்புக் கலையாது, பூட்டி வைக்கலாம், தோள் வலிக்காது; ஜங்ஷன் நடைமேடையில் அது உருண்டுவரும் அழகில் நானும் மயங்கியவன்தான். ஆனால் மணப்பாட்டில், 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணல்மேட்டின் அடிவாரத்தில் சக்கரம் புதைந்த பிறகு, அதை நானும் மைத்துனரும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கித்தான் நடக்க வேண்டியிருந்தது.

மணலைவிடப் பெரிய குறை திரும்பும்போதுதான் தெரியவரும். போகையில் எல்லாத் துணியும் உலர்ந்தவை. வருகையில் பாதி ஈரம். கடல்நீரில் நனைந்த துணியில் தங்கிவிடும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசாமல் எத்தனை நேரம் கொடியில் போட்டாலும் பிசுபிசுப்புப் போகாது. சென்ற முறை, காய்ந்துவிட்டது என்று நம்பி நான் பெட்டியின் அடியில் திணித்த சாரம் (லுங்கி) ஒன்று, மேலே இருந்த பட்டுச்சேலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தன் நீலத்தை இறக்கிவிட்டிருந்தது. அந்தச் சேலையைப் பற்றி வீட்டில் இன்றும் நான் வாய் திறப்பதில்லை. ஆளுக்கொரு பை என்றால் கெடுவது அவரவர் துணியோடு நின்றுவிடும்.

அடுத்த வழக்கு, டர்க்கி டவலா, ஈரிழைத் துண்டா என்பது. டர்க்கி டவல் ஐந்தை மடித்து வைத்தாலே பையில் பாதி இடம் போய்விடும்; அதன் நூல் வளையங்களுக்குள் நீரோடு மணலும் புகுந்துகொள்ளும். ஆச்சி அதைப் பார்த்ததும், “ஏலே, கடல்ல குளிக்கப் போறியா, கம்பளி போத்தப் போறியா?” என்று கேட்டார். துண்டோ, விடுதி ஜன்னல் கம்பியில் காலையில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. திருச்செந்தூரில் கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஆண்கள் மேல்சட்டையின்றிச் சந்நிதிக்குப் போவது வழக்கமாதலால், தலை துவட்டவும் இடுப்பில் கட்டவும் துண்டே போதுமானது. கரையேறியதும் நடுங்கும் சின்னப் பிள்ளைகளுக்காக மட்டும் ஒரே ஒரு டர்க்கி டவலை நான் ஒப்புக்கொள்கிறேன்.

வெயிலுக்குக் குடையைவிட முழுக்கைச் சட்டை மேல். மணலிலும் நீரிலும் பட்டுத் திரும்பும் ஒளியைக் குடை தடுக்காது, கடற்காற்று அதை நிமிர்ந்து நிற்கவும் விடாது. காலுக்கு ரப்பர் செருப்பு. தோல் செருப்பு உப்புத்தண்ணீரில் விறைத்துப்போகும். விரிப்பதற்குச் சாதாரணக் கோரைப்பாய் போதும். நல்ல பத்தமடைப் பாயைக் கடற்கரைக்குக் கொண்டுபோவது பாவம்.

சாப்பாட்டில்தான் என்னால் ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டிய இட்லியைத் தட்டில்லாமலே பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாம். தேங்காய்ச் சட்னியைப் போல மதியத்துக்குள் ஊசிப்போகும் பயமும் இல்லை. புளியோதரையைப் பிசைந்து உண்ண, மணல் படாத கை வேண்டும், அது கடற்கரையில் எளிதல்ல. ஆனாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை கிளம்புவதானால் நான் புளியோதரைக் கட்சி. 2023 டிசம்பர் 17 அன்று இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் மறுநாளும் மீள முடியாமல் தவித்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் சோறு, குடிதண்ணீர், பெரியவர்களின் மாத்திரை ஆகிய மூன்றும் மேலே பரணில் ஏற்றும் பையில் அல்ல, மடியில் வைக்கும் பையில் இருக்க வேண்டும்.

இம்முறை ஐந்து தோள்பைகள் கட்டியாயிற்று. ஆறாவதாக, தீபாவளிக்குத் துணிக்கடையில் கொடுத்த கட்டைப்பை ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். போகும்போது அது காலியாகவே வரும்.