காலேஜ் வாசலில் 'உடனடி கல்விக் கடன்' மேஜை: கையெழுத்து போடுவதற்கு முன்னால் இதைப் படிச்சிடுங்க

இன்ஜினியரிங் கவுன்சலிங் முடிந்து அட்மிஷன் போடக் கிளம்புகிறவர்களுக்கும், அப்பா அம்மாவை மட்டும் பிள்ளையோடு அனுப்பிவிட்டு வேலை ஊரில் இருக்கிற என்னை மாதிரி ஆட்களுக்கும் இந்தப் பதிவு. என் அக்கா மகளுக்குப் போன வருடம் "கல்விக் கடன்" என்று சொல்லிக் கொடுத்தது கல்விக் கடனே இல்லை. அவள் அப்பா பெயரில் ஏற்றிவிட்ட பர்சனல் லோன்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் காலேஜ், கவுன்சலிங்கில் முறையாகக் கிடைத்த சீட். மாமா லாரி ஓட்டுகிறார். ஹாஸ்டல், பஸ் எல்லாம் சேர்த்து முதல் வருடத்துக்கு 1,20,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்கள். அட்மிஷன் ஹாலுக்கு வெளியிலேயே ஒரு மேஜை, பின்னால் ஃபிளெக்ஸ், கழுத்தில் காலேஜ் ஐடி கார்டு மாதிரியே ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பையன். "பேங்குக்குப் போனா மூணு மாசம் அலைய விடுவாங்கண்ணே, அதுக்குள்ள சீட் போயிடும், இங்க ஒரு மணி நேரத்துல அப்ரூவல். வட்டி 12 சதவீதம்தான், பேங்கும் கிட்டத்தட்ட அதேதான் வாங்குறாங்க." மாமாவின் போனை அவனே வாங்கி வைத்துக்கொண்டு, ஆதார் ஓடிபி, கையெழுத்துக்கான ஓடிபி, அக்கவுண்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கான ஓடிபி எல்லாவற்றையும் அவனே போட்டிருக்கிறான். மாமாவுக்கு இமெயில் கிடையாது, அதையும் அங்கேயே ஒன்று உருவாக்கி, பாஸ்வேர்டு யாரிடமும் இல்லாமல் போய்விட்டது. லோன் பத்திரம் முழுக்க அந்த மெயிலுக்குத்தான் போயிருக்கிறது!

படிப்பு முடிந்த பிறகு கட்டினால் போதும் என்றுதான் அக்கா வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதமே அக்கவுண்டிலிருந்து 6,200 போய்விட்டது. டீசலுக்கு வைத்திருந்த பணம். மாமா எனக்குப் போன் பண்ணி, "பேங்க்ல ஏதோ தப்பா எடுத்துட்டாங்க மாப்ள, என்னன்னு பாரு" என்றார். பார்த்தால் தப்பே இல்லை, 24 மாத இஎம்ஐ, கொடுத்தது வங்கி இல்லாத ஒரு நிதி நிறுவனம்.

இப்போது அந்த 12 சதவீதக் கணக்கைப் பாருங்கள், ஏமாற்றின இடமே இதுதான். அது ஃபிளாட் வட்டி. 1,20,000க்கு இரண்டு வருடத்துக்கு 28,800 வட்டி, மொத்தம் 1,48,800, அதை 24ஆல் வகுத்தால் 6,200. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் மாதாமாதம் அசலும் கரைந்துகொண்டே வருகிறதே, கடைசி மாதம் கையில் இருக்கிற கடன் ஆறாயிரத்துச் சொச்சம்தான், அப்போதும் முழு 1,20,000க்கும் வட்டி போட்டு வாங்குகிறார்கள். வங்கி போடுகிற மாதிரி குறையும் நிலுவையில் கணக்குப் போட்டால் இது வருடத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல். இது போக ப்ராசஸிங் ஃபீஸ், அதுக்கு ஜிஎஸ்டி, யாரும் கேட்காத ஒரு இன்சூரன்ஸ், இதையெல்லாம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் காலேஜுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அப்படி ஃபீஸில் குறைந்துபோன தொகையைக் காலேஜ் தனியாகக் கேட்டு வாங்கியது.

இதைவிட வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்தக் குடும்பம் வட்டியே கட்டியிருக்க வேண்டியதில்லை. குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, நாக் (காலேஜுக்கான தரச் சான்று) அல்லது என்பிஏ (படிப்புக்கான தரச் சான்று) அங்கீகாரம் இருக்கிற தொழில்படிப்பாக இருந்தால், வங்கியில் ஐபிஏ எனும் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி எடுக்கிற கல்விக் கடனுக்குப் படிக்கிற காலத்துக்கும் அதற்கு மேல் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலம் முழுக்க இஎம்ஐயும் கிடையாது. உள்நாட்டுப் படிப்புக்கு அந்தத் திட்டத்தில் ப்ராசஸிங் ஃபீஸும் கிடையாது. 4 லட்சம் வரை கையிலிருந்து பங்கு போட வேண்டாம், ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். மேஜைக் கடனுக்கு இதில் ஒன்றுமே பொருந்தாது. (மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் வட்டி மானியம் கிடைக்காது, அந்தக் கோட்டாவில் சீட் பேசிக்கொண்டே "மானியம் வாங்கித் தரேன்" என்று எவனாவது சொன்னால் அவனும் இதே கூட்டம்தான்.)

காலேஜில் போய்க் கேட்டோம். "அவங்க வெளி ஆளுங்க சார், எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை." சம்பந்தம் இல்லாதவனுக்கு உள்ளே மேஜை, நாற்காலி, ஃபேன் எல்லாம் யார் கொடுத்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நிறுவனத்துக்குப் போன் போட்டால் கடனை முன்கூட்டியே முடிக்கத் தனியாக ஒரு கட்டணம் கேட்கிறார்கள். இஎம்ஐயை நிறுத்திப் பார்க்கலாம் என்றால் பவுன்ஸ் சார்ஜ் ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டுகிற மாமாவின் சிபில் மதிப்பெண் போகும், அடுத்து லாரிக்கு டயர் மாற்றக்கூட யாரும் கடன் தர மாட்டான்.

அதனால் மேஜை யாருடையதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: கடன் கொடுப்பது எந்த வங்கி, கடன்காரர் மாணவரா அப்பாவா, இஎம்ஐ எப்போது தொடங்கும்? கல்விக் கடன் என்றால் மாணவர்தான் கடன்காரர், பெற்றோர் கூட்டாகக் கையெழுத்து போடுவார்கள். அப்புறம் கேஎஃப்எஸ் என்கிற முக்கிய விவரத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு இதைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் கொடுத்தே ஆக வேண்டும், எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் இருக்கும். எங்களுக்குத் தமிழிலும் தரவில்லை, இங்கிலீஷிலும் தரவில்லை. போனை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

பேங்க்காரர்களும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் விரட்டுவதால்தான் இந்த மேஜைக்குக் கூட்டமே வருகிறது. இரண்டாம் வருடத்துக்கு நாங்கள் போனபோது "உங்க வீடு எங்க ஏரியாவுல வராது" என்று வாயாலேயே அனுப்பப் பார்த்தார்கள். அந்தக் காரணத்தைச் சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. கல்விக் கடனுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிற வித்யா லட்சுமி தளத்தில் விண்ணப்பித்து, எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, மறுப்பதாக இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்ட பிறகு மேனேஜரின் பேச்சே மாறியது. மீதி மூன்று வருடத்துக்குக் கடன் கிடைத்துவிட்டது. முதல் வருடத்துக்குக் கட்டியதைத் திருப்பித் தர முடியாது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள், ஆக அந்த 6,200 இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம், 30 நாளாகியும் பதில் வராததால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போட்டிருக்கிறோம். செலவு கிடையாது, வக்கீல் வேண்டாம், விவரம் கேட்க 14448. ஆனால் முதலில் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள், அதனால் போனில் கத்திவிட்டு விட்டுவிடாமல் மெயிலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் கீழே எழுதுகிறேன்.