போட்டி உண்டு: அல்சூர் பக்கம் ஒரு டீக்கடை

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் ஒரு கரும்பலகை மட்டும் தொங்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதில் ‘போட்டி உண்டு’ என்று சாக்பீஸில் எழுதியிருந்தால் ஆட்டுப் போட்டி, அதாவது குடல், வறுவல் தயார் என்று அர்த்தம். அதற்குக் கீழே 7.30 என்றோ 8.30 என்றோ ஒரு நேரம் இருந்தால், அது அன்றைக்கு டிவியில் ஓடப்போகிற ஃபுட்பால் மேட்ச். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, ராத்திரிதான் வறுவல் கிடைக்கும் என்று திரும்பிப் போய்விடுவார்கள். போகாதீர்கள்.

பெங்களூரில், பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிற கௌதமபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு சந்தின் முனையில் இருக்கிறது. அல்சூர் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். நான் வியாசர்பாடிப் பெண். பெங்களூருக்கு லேப் டெக்னீஷியன் வேலைக்கு வந்த புதிதில், நம்ம ஊர் மாதிரியே சுவரெல்லாம் பந்து படம் வரைந்த ஒரு தெருவைப் பார்த்து உள்ளே நுழைந்தேன். அப்படிக் கிடைத்த கடை இது. இத்தனை வருஷத்தில் என் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு இங்கேதான் போயிருக்கிறது.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். டீ 15 ரூபாய். கள்ளிச்சொட்டு மாதிரிப் பால், இஞ்சி தட்டிப் போட்டது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், கம்மியாகக் கேட்டு வாங்குங்கள். போட்டி வறுவல் 90 ரூபாய். கடைக்கார அக்கா மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நாலைந்து தண்ணீரில் அலசி, வேகவைத்து, பிறகு மிளகும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து இரும்புக் கடாயில் சுருள வதக்குவார். வாடை துளிகூட இருக்காது. ரப்பர் மாதிரி இழுக்கவும் இழுக்காது. பன்னைப் பிய்த்து அந்த எண்ணெய் மசாலாவில் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும். மிளகாய் பஜ்ஜி சுமார், முட்டை பஃப்ஸ் வெளியிலிருந்து வருகிறது, அதற்காக இங்கே வர வேண்டியதில்லை.

இந்தக் கடையின் விசேஷம் பேச்சு. கடைக்கார அண்ணன் ஒரு காலத்தில் பெங்களூர் லீக்கில் ஃபேக்டரி டீம் ஒன்றுக்கு கோல்கீப்பராக இருந்தவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு வாதத்தைத் தூக்கிப் போடுவார், கடையே பற்றிக்கொள்ளும். மூலையில் எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர். லிவர்பூல் ரசிகரான கூரியர் தம்பி. கூடப்பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், மூத்தவர் ஆர்சனல் ரசிகர், இளையவர் டாட்டன்ஹாம். மீதி எல்லாரும் பெங்களூரு எஃப்.சி. நான் ஒருத்திதான் ‘சென்னையின் எஃப்.சி.’ ரசிகை. 2018-ல் பெங்களூர் காந்தீரவா ஸ்டேடியத்திலேயே வைத்து அவர்களை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனலில் 3-2 என்று ஜெயித்த டீம் எங்களுடையது. அதை இன்றுவரை யாரும் மன்னிக்கவில்லை. ஆனால் ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்து சத்தமாக வாதாடினால் திரும்பிப் பார்க்காத டீக்கடை இந்த ஊரில் எத்தனை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

2020 மார்ச்சில் இந்தக் கடையில் நடந்த சண்டையைப் போல நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஓவன் காயில் என்பவர் கோச்சாக வந்த பிறகு ‘சென்னையின்’ டீம் பட்டியலின் அடிமட்டத்திலிருந்து ஏறி வந்து, அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என்று தாண்டி ஃபைனலுக்குப் போயிருந்தது. மார்ச் 14, கோவாவின் ஃபதோர்டா ஸ்டேடியம். நான் பஸ் டிக்கெட் எடுத்து லீவும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முன்னால், கொரோனாவால் ஸ்டேடியத்துக்குள் ரசிகர்களை விடமாட்டோம் என்று அறிவித்தார்கள். பஸ்காரர்கள் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை.

காலி ஸ்டேடியத்தில் நடந்த அந்த ஃபைனலை இந்தக் கடை டிவியில்தான் பார்த்தேன். கொல்கத்தாவின் ஏ.டி.கே. 3, சென்னையின் எஃப்.சி. 1. எங்கள் வால்ஸ்கிஸ் 69-வது நிமிஷம் ஒரு கோல் போட்டபோது மைதானத்தில் ஆட்டக்காரர்கள் கத்தியதுதான் கேட்டது. அழுகையாக வந்தது. “காலி ஸ்டேடியத்துல ஆடுறதுக்கு ஆடாமலே இருக்கலாம்” என்று கூரியர் தம்பி சொன்னார். “ஆள் இல்லாம ஆடுறது தப்பில்லை, ஆளோட ஆடினதுதான் தப்பு” என்றேன். லேபில் அந்த வாரம் முழுக்க நாங்கள் இத்தாலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். பிப்ரவரி 19-ல் பெர்காமோ ஊரின் அட்டலாண்டா டீம் ஸ்பெயினின் வலென்சியாவை 4-1 என்று ஜெயித்த மேட்ச்சைப் பார்க்க பெர்காமோவிலிருந்து நாற்பதாயிரம் பேர் மிலானின் சான் சீரோவுக்குப் போயிருந்தார்கள். ஒரு மாசத்துக்குள் அந்த ஊரிலிருந்து சவப்பெட்டிகளை ராணுவ லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நோய் பரவ அந்த மேட்ச்சும் ஒரு காரணம் என்று அங்குள்ள மருத்துவர்களே பிறகு சொன்னார்கள். மார்ச் 11, உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்த அதே நாள், இங்கிலாந்தில் ஆன்ஃபீல்டு ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். ஸ்பெயினில் அப்போதே ரசிகர்களை உள்ளே விடவில்லை. ஆனால் மட்ரிட்டிலிருந்து மூவாயிரம் பேர் விமானம் ஏறி அங்கே போய் உட்கார்ந்தார்கள். இதைச் சொன்னதும் தம்பி ஒன்றும் பேசவில்லை, அவருடைய டீம் ஆடிய மேட்ச் அது.

அண்ணன் அடுத்த வாரம் யாரும் சொல்லாமலே டிவியை அணைத்து, நாற்காலிகளை உள்ளே போட்டுவிட்டார். அப்புறம் ஊரடங்கு.

மே மாசம் பார்சலுக்கு மட்டும் பாதி ஷட்டர் திறந்தார். தெருவில் ஆறடிக்கு ஒன்றாகச் சாக்பீஸ் வட்டம். ஒவ்வொரு வட்டத்திலும் மாஸ்க் போட்ட ஒரு ஆள் நின்றுகொண்டு, தூக்குவாளி நிறைகிற வரைக்கும் கத்திப் பேசுவார். இங்கிலாந்து லீக் நடுவில் நின்றபோது லிவர்பூல் 29 ஆட்டத்தில் 82 புள்ளி, இரண்டாமிடத்தைவிட 25 அதிகம், முப்பது வருஷமாக லீக் சாம்பியன் பட்டம் இல்லை. சீசனையே செல்லாது என்று அறிவித்துவிட்டால்? நெதர்லாந்தில் அயாக்ஸ், ஏ.இசட். என்ற இரண்டு டீம்களும் ஆளுக்கு 56 புள்ளியில் நின்றபோது, சாம்பியனே கிடையாது என்று முடித்துவிட்டார்கள். பிரான்சில் பி.எஸ்.ஜி. டீமுக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் செல்டிக்குக் கோப்பை, கடைசி இடத்திலிருந்த ஹார்ட்ஸ் டீமுக்குக் கீழ் டிவிஷன். நம் ஐ-லீக்கில் மோகன் பகான் மார்ச் 10-லேயே யாரும் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது, மீதி 28 ஆட்டம் ரத்தானாலும் அதில் வழக்கில்லை.

அண்ணன் சொன்னார்: “பாதிப் பந்தியில இலையை எடுத்துட்டா, யார் வயிறு நிறைஞ்சுதுன்னு எப்படிச் சொல்லுவ?” மாமா மூன்றாவது வட்டத்திலிருந்து: “பாயசம் வரைக்கும் வந்தவனையும் இப்பதான் இலை போட்டவனையும் ஒண்ணா எழுப்புவியா?” எனக்கு மாமா பக்கம்தான் நியாயமாகப் பட்டது. ஆனால் ஹார்ட்ஸ் விஷயத்தில் இன்றைக்கும் மனசு ஒப்பவில்லை. எட்டு ஆட்டம் மிச்சமிருக்கும்போது ஒருவரைக் கீழே தள்ளுவது கொடுமை. கோப்பையைக் கொடுங்கள், தண்டனையை நிறுத்துங்கள் என்றேன். இங்கிலாந்தில் லீக் மறுபடி தொடங்கி, ஜூன் 25-ல் செல்சி மான்செஸ்டர் சிட்டியைத் தோற்கடித்ததில் லிவர்பூலுக்குக் கோப்பை உறுதியானது. மறுநாள் வட்டத்தில் நின்ற எல்லாருக்கும் டீ கூரியர் தம்பி கணக்கு.

அந்த வருஷத்தில் எனக்கு மறக்காமல் இருப்பது வேறு ஒரு சாயங்காலம். நவம்பர் 17, இந்தியாவில் நடக்க வேண்டிய பெண்கள் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை ஃபிஃபா ரத்து செய்தது. மூன்றே நாளில் கோவாவில் ஐ.எஸ்.எல். தொடங்குகிறது, ஹோட்டலில் அடைத்து வைத்து, மூன்று ஸ்டேடியத்தில், ரசிகர் இல்லாமல். கடை முழுக்க அதே பேச்சு. அண்ணனின் மகள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் 2003-ல் பிறந்தவள், ஸ்கூல் டீமில் ஸ்ட்ரைக்கர். யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “உங்க லிவர்பூலுக்கு லேட்டானாலும் கப் வந்துடுச்சு. 2003-ல பொறந்த பொண்ணுங்களுக்கு என்ன வரும்?”

யாருக்கும் பதில் இல்லை. அடுத்த மாசம் பையன்களுடைய 17, 20 வயது உலகக் கோப்பைகளும் ரத்தாயின, அது உண்மைதான். ஆனால் நமக்கு 2022-ல் திருப்பிக் கொடுத்தபோது, 2005-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்தான் ஆட முடியும். இரண்டு வருஷம் கேம்ப்பில் ஓடிய பெண்களுக்கு வயது கடந்துவிட்டது. இந்தத் தெருவில் ஒரு வருஷம் டோர்னமென்ட் நடக்கவில்லை என்றால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீசிலோ வேலை கிடைக்கக் காத்திருந்த ஒரு பையனுக்குக் கையில் காட்ட சர்டிஃபிகேட் இல்லை. புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்து ரத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை அன்றிலிருந்து என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை.

2022 ஜனவரியில் அந்த ஆர்சனல் அண்ணனும் டாட்டன்ஹாம் தம்பியும் போட்ட சண்டையையும் சொல்ல வேண்டும். ஒமிக்ரான் அலை. லேபில் மூக்கில் குச்சி விட்டு விட்டு எனக்குக் கை மரத்துப்போயிருந்தது. 16-ம் தேதி டாட்டன்ஹாம்–ஆர்சனல் ஆட்டம், ஆர்சனல் கேட்டுக்கொண்டதால் தள்ளிவைக்கப்பட்டது. இறக்குவதற்கு 13 ஆட்டக்காரர்களும் ஒரு கோல்கீப்பரும் தேறவில்லை என்றால் தள்ளிவைக்கக் கேட்கலாம் என்பது விதி. ஆனால் ஆர்சனலில் கொரோனா வந்தது ஒருவருக்கு என்றுதான் செய்தி. மற்றவர்கள் இல்லாததற்குக் காரணம் அடி, சஸ்பென்ஷன், ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போனது. தம்பிக்கு ஏற்கெனவே கோபம். டிசம்பரில் கூட்டமாக நோய் வந்து பிரான்சின் ரென் அணியுடன் ஆட முடியாமல் போனபோது, டாட்டன்ஹாமுக்கு 0-3 தோல்வி என்று எழுதிவிட்டார்கள். “எங்களுக்கு நோய் வந்தா தோல்வி, உங்களுக்குக் கால் சுளுக்கினா லீவா?” என்று தம்பி மேசையைத் தட்டினார். மூத்தவர் “விதியில இருக்கு” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தம்பி சொன்னதுதான் சரி. நோய்க்காகப் போட்ட விதியை வேறு எதற்கும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பிப்ரவரியிலிருந்து, நாலு பேருக்காவது தொற்று இருந்தால்தான் கேட்கலாம் என்று விதியையே மாற்றினார்கள். தம்பி அன்றைக்கு இரண்டு பிளேட் போட்டி வாங்கினார், ஒன்று தன் அண்ணனுக்கு.

சரி, குறைகள். டிவி சின்னது, பின்வரிசையில் இருந்தால் ஸ்கோர் தெரியாது. மொபைலில் பார்க்கிற யாராவது கோலை முன்கூட்டியே கத்திவிடுவார்கள், அண்ணன் அவர்களைக் கண்டிக்க வேண்டும். வாசலில் சிகரெட் புகை அதிகம். கை கழுவுகிற இடத்தில் சோப்பு வைக்கச் சொல்லி நான் ஒரு வருஷமாகக் கேட்கிறேன், கொரோனா காலத்தில் வைத்திருந்தார்கள். வண்டி நிறுத்த இடமில்லை. ராத்திரி பத்தரைக்குக் கடை சாத்திவிடுவார்கள், சாம்பியன்ஸ் லீக்கெல்லாம் வீட்டில்தான்.

அண்ணனின் மகள் இப்போது காலையில் கிரவுண்டில் சின்னப் பெண்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறாள், சாயங்காலம் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறாள். உங்கள் வீட்டில் பெண் குழந்தை இருந்தால் டீ குடிக்கும்போது அவளிடம் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை கடை லீவு. மற்ற நாட்களில் பலகையில் ‘போட்டி இல்லை’ என்று இருந்தால் திரும்பிவிடாமல், எந்தப் போட்டி என்று உள்ளே கேட்டுவிடுங்கள்.