பாண்டாக்: டிக் அடித்த இடத்தில் காலிக் கட்டம்

சாதா டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, பாண்டாக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருள் வழியாக வேர்டுக்கோ பிடிஎஃப்புக்கோ மாற்றிக்கொள்வதுதான் சில வருஷமாக என் வழக்கம். "நானும் மாறிடலாமா, ஸ்பெஷல் சிம்பல் எல்லாம் ஒழுங்கா வருமா?" என்று நண்பர் கேட்டார். மார்க்டவுன் (சாதா டெக்ஸ்டிலேயே தலைப்பு, பட்டியலுக்கெல்லாம் குறி போட்டு எழுதும் முறை) அவருக்கே நன்றாகத் தெரியும், அதனால் நேராகக் குறிகளுக்கு வந்துவிடுகிறேன்.

தட்டச்சில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லினக்ஸில் கம்போஸ் விசை என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம், சும்மா கிடந்த வலது ஆல்ட்டை அதற்குக் கொடுத்துவிட்டேன். அதைத் தட்டிவிட்டு ஆங்கிலச் சின்ன ஓவை இரண்டு தடவை அடித்தால் °, எக்ஸை இரண்டு தடவை அடித்தால் ×, ஹைஃபனும் > குறியும் சேர்ந்தால் →, மூன்று ஹைஃபன் போட்டால் —. குறியின் உருவமே அதை எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுத்துவிடுவதால் மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி 0176, 0215 என்று எண் அடித்த காலம் நினைவிருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும் (அங்கேயும் வின்கம்போஸ் என்ற மென்பொருளைப் போட்டால் இதே சுகம்தான்). பட்டியலில் இல்லாத குறியை எக்ஸ்கம்போஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி நாமே சேர்த்துக்கொள்ளலாம், என் ✓ அப்படி வந்ததுதான். எல்லாமே யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியாக்கம்) என்பதால் டிகிரி குறிக்கு முன்னால் சம்பந்தமில்லாத எழுத்து முளைக்கும் பழைய கூத்தும் கிடையாது.

அந்த ✓ தான் இப்போது பிரச்சினை. வேலைப் பட்டியல் ஒன்றை அட்டவணையாக எழுதி, முடிந்தவற்றுக்கு நேராக ✓ போட்டு, பிடிஎஃப் எடுத்து அனுப்பினேன். "இதுல ஒண்ணுமே முடியலையா?" என்று பதில் வருகிறது. திறந்து பார்த்தால் ✓ இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு காலிக் கட்டம்! குறி காணாமல் போனால்கூடத் தேவலை, இது அர்த்தத்தையே தலைகீழாக்கிவிட்டது. அதே கோப்பு வேர்டிலும் உலாவியிலும் அட்டகாசமாக வருகிறது என்பதுதான் இன்னும் எரிச்சல்.

காரணம் இதுதான். எழுத்துருவில் ஒரு குறி இல்லையென்றால் வேர்டும் உலாவியும் கேட்காமலே வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும். பாண்டாக்குக்காகப் பிடிஎஃப் செய்கிற டெக் எஞ்சின்கள் (பக்கம் கோக்கும் மென்பொருள்கள்) தாமாக அப்படிச் செய்வதில்லை. அவற்றில் இயல்பாக ஓடும் பிடிஎஃப்லாடெக் ✓ வந்ததுமே பிழை காட்டி நின்றுவிடும், அதாவது நேர்மையாவது இருக்கிறது. தமிழ் வேண்டுமே என்று ஸீலாடெக் என்ற இன்னொரு எஞ்சினுக்குப் போனால் அது நிற்பதே இல்லை. டெர்மினலில் 'எழுத்து இல்லை' என்று ஓர் எச்சரிக்கை ஓடும், கோப்பு தயாராகிவிடும், இல்லாத குறிக்குப் பதிலாக எழுத்துருவைப் பொறுத்து வெற்றிடமோ கட்டமோ விழும். எனக்கு வாய்த்தது கட்டம்.

பாண்டாக்கையே முழுசாகத் திட்டவும் முடியாது, எச்சரிக்கை கொடுத்தேனே என்று அது சொல்லிக்கொள்ளலாம். லுவாலாடெக் என்ற மூன்றாவது எஞ்சினுக்கு மாறி, மாற்று எழுத்துரு எது என்று கோப்பின் முன்பகுதியில் எழுதிவிட்டால் ✓ வந்துவிடுகிறது. ஓட்டம்தான் கொஞ்சம் மந்தம், தமிழுக்கு எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் ரெண்டரரையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. ஒரே ஒரு டிக் குறிக்காக இவ்வளவு!

அப்புறம் சின்னதாக இன்னொன்று: நிறுத்தக்குறிகளைத் தானாக அழகுபடுத்தும் பாண்டாக்கின் ஸ்மார்ட் வசதியை அணைக்காவிட்டால் வாக்கியத்துக்கு நடுவே எழுதிய இரட்டை ஹைஃபன் நீளக் கோடாகிவிடும். கட்டளைகளை அப்படி எழுதி, யாராவது காப்பி செய்து ஓட்டினால் வேலை செய்யாது. இது நிரல் வரி என்று காட்டும் மார்க்டவுனின் கோட் குறிக்குள் (`) போட்டுவிட்டால் தொடாது, சரி.

எழுதுவதற்கு இதைவிட வசதியானது எனக்குத் தெரியாது, வேர்டுக்கும் வலைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், நான் விடப்போவதும் இல்லை. ஆனாலும் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுதான். பிடிஎஃப்பில் குறி போனால் வேலையை நிறுத்துவதைப் பாண்டாக் இயல்பாக்கட்டும், அன்றைக்கு நாலரை தருகிறேன்.